முதற்குடிகளின் அடக்கநிலங்கள் பதிவேட்டில் ஏற வேண்டும்

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

திருகோணமலையிலிருந்து நிலாவெளிக்குச் செல்லும் வீதியோரத்திலுள்ள பிரித்தானியப் போர் மயானம் பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை மிகுந்த ஈடுபாட்டுடன் வாசித்தேன். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் உயிர்நீத்த ஏறத்தாழ 300 பொதுநலவாயப் படையினர் அங்கே அடக்கம் செய்யப்பட்டுள்ளனர் என்பதையும், 1917இல் தோற்றுவிக்கப்பட்ட போர்க் கல்லறைகள் ஆணைக்குழு அந்நிலத்தைப் புல் மண்டவிடாமல் இன்றுவரை பேணி வருகின்றது என்பதையும் கட்டுரையாளர் எடுத்துக்காட்டியிருந்தார். படைவீரன் ஒருவனின் பெயரும், படைப்பிரிவும், இறந்த நாளும் அவன் பிறந்த மண்ணிலிருந்து பல்லாயிரம் மைல் தொலைவில் இன்றும் வாசிக்கக்கூடியனவாக இருப்பது பெரிய காரியம். அக்கட்டுரையை ஒட்டி, இதே மாவட்டத்தின் உட்கிராமங்களில் எந்த ஏட்டிலும் இடம்பெறாமல் கிடக்கும் வேறொரு வகை அடக்கநிலங்களைப் பற்றி எழுத இடமளிக்குமாறு வேண்டுகிறேன். காடு வெட்டி, வயல் திருத்தி, ஊர் என்று ஒன்றை முதன்முதலில் உண்டாக்கிய குடும்பங்கள் தங்கள் வயலோரத்திலேயே தங்கள் இறந்தோருக்கென ஒதுக்கி வைத்த நிலங்கள் அவை.

நகரத்தில் மாண்ட ஐரோப்பியரைப் பொறுத்தவரை, போர் மயானம் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே எழுத்துச் சான்று இருந்தது. கோணேசர் கோயில் அமைந்த சுவாமி மலையில் 1687ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் திகதியைத் தாங்கி நிற்கும், ஒல்லாந்துப் பெண்ணான பிரான்சினா வான் றீடேயின் தூணை அறியாதவர் இங்கில்லை. 1852இல் பர்மாவில் இறந்த கடற்படைத் தளபதி சார்ள்ஸ் ஒஸ்ரின் திருகோணமலையில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் தம்பி என்பதால் அக்கல்லறையைத் தேடி வெளிநாட்டவர் வருவதுண்டு. இலங்கையிலுள்ள இத்தகைய கல்லறை எழுத்துகளைப் பென்றி லூயிஸ் என்ற சிவில் சேவை அதிகாரி திரட்டி, 1913இல் கொழும்பில் நூலாக வெளியிட்டார். இன்று சிதைந்துபோன கல்லில் என்ன எழுதியிருந்தது என்பதை அறிய விரும்புவோர் அந்நூலைத்தான் புரட்டுகின்றனர். எங்கள் கிராமங்களுக்கு அப்படியொருவர் வாய்க்கவில்லை. வாய்த்திருந்தாலும் அவர் படியெடுப்பதற்கு எழுத்துப் பொறித்த கற்கள் அங்கே மிகச் சிலவே இருந்திருக்கும். கல்லில் இல்லாதது முதியவர்களின் நினைவில் மட்டுமே இருக்கிறது. அவர்களோ ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இந்த வேலையை இனியும் தள்ளிப்போட முடியாது என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

எடுத்துக்காட்டாக, நான் நன்கறிந்த ஒரு நிலத்தின் வரலாற்றையே சொல்கிறேன். என் தாய்வழிக் குடும்பத்தின் அடக்கநிலம் தம்பலகாமப் பற்றில், கந்தளாய்க் குளத்து நீர் பாயும் வயல்வெளி முடிந்து பற்றைக்காடு தொடங்கும் விளிம்பில் இருக்கிறது. ஏறத்தாழ அரை ஏக்கர் பரப்புள்ள ஒரு மேடு. தம்பலகாமம் மிகப் பழைய ஊர் என்பதும், ஆதி கோணேசர் ஆலயத்தோடும் கோணேசர் கல்வெட்டு என்னும் பழைய நூல் கூறும் கோயிற்பணி மரபுகளோடும் பிணைந்த குடிகள் அங்கே உண்டு என்பதும் யாவரும் அறிந்தவை. நான் குறிப்பிடும் குடும்பம் அவ்வளவு பழையதன்று. 1870களில் பிரித்தானிய அரசு கந்தளாய்க் குளத்தைத் திருத்தி, வாய்க்கால்களில் நீர் ஒழுங்காக வரத் தொடங்கிய பின்னர், கரைப்பக்கத்திலிருந்து இரண்டு சகோதரர்களும் அவர்களுடைய மைத்துனர் ஒருவரும் மனைவி மக்களோடு வந்து அந்த விளிம்பில் வாடி அடித்தார்கள் என்பது எங்கள் குடும்பத்து வாய்மொழி. முதலில் சேனை வெட்டிக் குரக்கனும் சோளமும் விதைத்தார்கள். காட்டு வேர்கள் மக்கி, யானை வரத்துக் குறைந்து, கையில் ஓரளவு நெல் சேர்ந்த பின்புதான் வரம்பு கட்டி வயலாக்கினார்கள். சுற்றிலும் இருந்த பாலையும் வீரையும் விழுந்தபோது அந்த மேட்டில் நின்ற மரங்களை மட்டும் கோடரி படாமல் விட்டுவைத்தார்கள்.

அந்த மேட்டைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. வயற்பாங்கான ஊரில் மாரி காலத்தில் இரண்டடி தோண்டினாலே குழியில் நீர் ஊறிவிடும். அப்படிப்பட்ட குழியில் ஒருவரை இறக்குவதற்கு எவருக்கும் மனம் வராது. ஆகவே வாய்க்கால் நீர் ஏறாத, வெள்ளம் தங்காத, ஆளுயரம் தோண்டினாலும் சரளை மண்ணாகவே வரும் இடத்தைத்தான் தேடுவார்கள். இந்த மாவட்டத்தில் பழைய குடும்ப அடக்கநிலம் ஒன்றைத் தேடிச் செல்பவர், ஊருக்கு வெளியே சரளை மேடும் வெட்டப்படாத பெருமரமும் ஒன்றாக இருக்கும் இடத்தை முதலில் பார்க்க வேண்டும் என்பது என் அனுபவம். துரதிர்ஷ்டவசமாக, இன்று வீதி வேலைக்குக் கிரவல் தேடுவோருக்கும் அதே மேடுதான் வேண்டியிருக்கிறது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

என் அம்மம்மாவின் தங்கை, அந்த வீட்டிலேயே பிறந்து அங்கேயே முதுமை எய்தியவர், மேட்டைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் ஒன்றையே முதலில் சொல்வார்: "அங்க முதல் வைச்சது பெரியாக்களை இல்லை ராசா, பிள்ளையளைத்தான்." சைவர்களுள் எரிக்கும் வழக்கமுள்ள குடும்பங்களும் குழந்தைகளை அடக்கமே செய்வர், கிழக்கு மாகாணத்திலோ பெரியவர்களையும் அடக்கம் செய்வது நெடுங்கால வழக்கு. குளமும் வயலும் சூழ்ந்த குடியேற்றத்தில் காய்ச்சல் விலகாத விருந்தாளியாக இருந்தது. 1946இல் நாடு முழுவதும் டி.டி.ரி. மருந்து தெளிக்கத் தொடங்கி மலேரியா ஒடுக்கப்படும் வரை, வரண்ட வலயத்துக் கிராமம் எதிலும் பிள்ளையைப் பறிகொடாத வீடு அரிது. மேட்டின் கிழக்குப் பாதி முழுவதும் சிறிய சிறிய மண்திட்டுகள். ஒவ்வொன்றையும் சுற்றிக் கைப்பிடி அளவுள்ள கற்களையோ உடைந்த செங்கல்லையோ பதித்திருக்கிறார்கள். பெயரிட்டு அழைக்கும் வயது வருமுன்பே போன பிள்ளைகள் ஆதலால், எவர் எவருடைய பிள்ளை என்பது மட்டுமே சொல்லப்பட்டு வந்தது, எழுதப்படவில்லை. நிலத்தைத் திருத்திய வரலாற்றில் உழைத்தவர்களின் வியர்வையைப் பற்றிப் பேசுகிறோம். அந்தத் திட்டுகளின் முன் நிற்கும்போது, அந்நிலத்துக்கு உண்மையில் கொடுக்கப்பட்ட விலை இன்னதென்று எனக்குத் தெரிகிறது.

மேட்டுக்குச் சற்று அப்பால், பழைய வண்டிப்பாதையோரம் ஒரு சுமைதாங்கி நிற்கிறது. இரண்டு நெடுங்கற்களை நட்டு, அவற்றின் மேல் ஒரு கல்லைக் கிடையாக வைத்திருக்கிறார்கள். வயிற்றுப் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நாட்டுவது தமிழரிடையே உள்ள வழக்கம். இறக்கி வைக்கப்படாத சுமையோடு போனவளுக்காக, வழிப்போக்கர் தங்கள் சுமையை இறக்கி இளைப்பாறட்டும் என்பது அதன் கருத்து. முதலில் வந்த மைத்துனரின் மனைவிக்காக அது நாட்டப்பட்டது என்பார்கள். அவருடைய பெயர் எங்களுக்குத் தெரியும். மேட்டில் அவரை வைத்த இடமும் தெரியும். ஆனால் கல்லில் எழுத்தில்லை. அந்த வழியாக இன்று வண்டி போவதில்லை. பாதை ஒற்றையடித் தடமாகச் சுருங்கிவிட்டது. சூடடித்த நெல்லைச் சாக்கில் கட்டித் தலையில் சுமந்து வந்தவர்கள் வைத்து வைத்து, மேற்கல்லின் விளிம்பு வழவழப்பாகி இருப்பதைக் கையால் தடவிப் பார்த்து உணரலாம்.

எழுத்துள்ள சமாதி மேட்டில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. செங்கல்லால் முழங்கால் உயரத்துக்குக் கட்டிச் சுண்ணாம்புச் சாந்து பூசியது. சாந்து ஈரமாக இருக்கையில் கூரான எதனாலோ மூன்று வரி கீறியிருக்கிறார்கள். முதல் வரியில் பிள்ளையார் சுழி; இரண்டாம் வரியில் 'தாரண ௵ பங்குனி'; மூன்றாம் வரியில் ஒரு பெயரின் இறுதி எழுத்துகள் மட்டும் எஞ்சியுள்ளன. 1964 டிசம்பரில் திருகோணமலையைத் தாக்கிய சூறாவளியின்போது மேட்டில் நின்ற பெரிய பாலைமரம் சாய்ந்து சமாதியின் ஒரு பக்கத்தை உடைத்ததில் மற்ற எழுத்துகள் போய்விட்டன. தாரண வருடம் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வருவது; 1884 சித்திரையில் தொடங்கியதும் ஒரு தாரணம், 1944 சித்திரையில் தொடங்கியதும் ஒரு தாரணம். இவற்றுள் எது என்பதைத் தீர்மானிக்கச் சமாதியே உதவுகிறது. 1940களில் கட்டியிருந்தால் சீமெந்து கலந்திருக்கும். இதிலோ தூய சுண்ணாம்புச் சாந்து. மேலும், அம்மம்மாவின் தங்கை 1920களில் பிறந்தவர். அவர் சிறுமியாக இருந்தபோதே அச்சமாதியின் வெடிப்பில் ஆலங்கன்று முளைத்திருந்ததையும், அதைப் பிடுங்க வேண்டாமென்று பெரியவர்கள் தடுத்ததையும் அவர் கண்டிருக்கிறார். ஆகவே அங்கே அடக்கம் செய்யப்பட்டவர் 1885ஆம் ஆண்டு பங்குனியில் இறந்தவர் என்று கொள்வதில் தடையில்லை. மூத்த சகோதரருடைய திவசத்தை எங்கள் குடும்பம் பங்குனி அபரபக்கத் (தேய்பிறைத்) தசமியிலேயே செய்து வருவதையும் சேர்த்துப் பார்க்கும்போது, அது அவருடைய சமாதி என்பது உறுதிப்படுகிறது.

இந்த இடத்தில் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். எங்கள் மக்களுக்கு முன்னோர் இறந்த ஆண்டு தெரியாது. ஆனால் மாதமும் பக்கமும் திதியும் பிசகாமல் தெரியும். ஆண்டுத் திவசம் செய்வதற்கு அவை போதும் என்பதால் அவை மட்டும் காப்பாற்றப்பட்டன. பல வீடுகளில், சாமியறை மாடத்திலோ பழைய தகரப் பெட்டியிலோ, நாலைந்து தலைமுறையின் திதிகளை வரிசையாக எழுதிய ஒரு கொப்பி இருக்கும். 31ஆம் நாள் கிரியையான அந்தியேட்டியன்று வெளியிடப்படும், கல்வெட்டு எனப்படும் நினைவுப் புத்தகத்திலோ, திதியைக் கூறும் வெண்பாவில் ஆண்டின் பெயரும் வந்துவிடும். பல கல்வெட்டுகளில் குலமரபு விளக்கமும் உண்டு. வரலாற்றாய்வாளர் ஒருவர் ஒரு கிராமத்தின் கொப்பிகளையும் கல்வெட்டுகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், அந்தக் கிராமம் எப்போது தோன்றியது, எந்தக் குடும்பம் எந்தக் குடும்பத்தோடு கொண்டு கொடுத்தது, எந்த மாதங்களில் சாவு மிகுந்தது என்பவற்றையெல்லாம் எழுதிவிட முடியும். இவை பெறுமதியற்ற காகிதங்கள் என்று எண்ணி வீடு மாறும்போது எரித்துவிடுகிறோம். இடப்பெயர்வுகளில் அழிந்தவை போக எஞ்சியவற்றையாவது நாமே அழிக்காமல் இருக்கக் கூடாதா?

அடக்கநிலம் கவனிப்பாரற்றுப் போவதற்கு எங்கள் வழக்கமும் ஒரு காரணம். கத்தோலிக்க மக்கள் நவம்பர் 2ஆம் திகதி சேமக்காலைக்குச் சென்று துப்புரவு செய்து மெழுகுதிரி ஏற்றுகின்றனர். முஸ்லிம்கள் மையவாடிக்குச் சென்று தங்கள் பெற்றோரின் மீஸான் என்னும் அடையாளக் கல்லருகே நின்று பிரார்த்திக்கின்றனர். சைவர்களாகிய நாம் கொள்ளிக்குடத்தை உடைத்த பின் திரும்பிப் பார்க்காமல் வந்து, தலைமுழுகி வீட்டுக்குள் நுழைகிறோம். அந்தியேட்டியைக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் செய்கிறோம். இராவணன் தன் தாய்க்குக் கடன் கழித்த இடம் என்ற நம்பிக்கை அங்கே நம்மை அழைத்துச் செல்கிறது. தந்தைக்கு ஆடி அமாவாசை, தாய்க்குச் சித்திரா பௌர்ணமி என்று விரதம் நோற்கிறோம். எல்லாம் வீட்டிலும் கோயிலிலும் தீர்த்தத்திலும் நடக்கின்றன. உடலை வைத்த மண்ணோடு நமக்கு உறவு அற்றுப்போகிறது. இந்த வழக்கத்தை மாற்ற வேண்டுமென்று நான் சொல்லவில்லை. அதன் பின்னணியில் ஆழ்ந்த தத்துவம் உண்டு. ஆயினும் ஓரிடத்தை வழிபடாமல் இருப்பது வேறு, அதை அழியவிடுவது வேறு.

மாவட்டச் செயலகமான கச்சேரியின் காணிக் கிளையில் நெடுங்காலம் எழுதுவினைஞராக இருந்தவன் என்ற வகையில், சட்டம் இந்நிலங்களை எப்படி நோக்குகிறது என்பதையும் விளக்கக் கடமைப்பட்டுள்ளேன். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடு, தரிசு, குடியற்ற நிலம், பயிரிடப்படாத நிலம் ஆகிய அனைத்தும், மாறாக நிரூபிக்கப்படும் வரை முடிக்குரியவை என்று அனுமானிக்க இடமளித்தது. அடக்கநிலமோ இயல்பிலேயே பயிரிடப்படாத நிலம். முன்னோர் மீது கொண்ட மரியாதையினால் கொத்தாமல், உழாமல், மரம் தறியாமல் விட்டுவைத்த நிலமே, சட்டத்தின் கண்ணுக்கு எவரும் ஆண்டு அனுபவிக்காத நிலமாகத் தோன்றியது. 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் கூறும் 10 ஆண்டு ஆட்சி தனியாருக்கு எதிராகச் செல்லுபடியாகுமேயன்றி அரசுக்கு எதிராக அன்று. பின்னர் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரங்கள் வழங்கப்பட்டபோது, வயலுக்கும் வளவுக்கும் விண்ணப்பித்தார்கள். இறந்தோரின் மேட்டுக்கு அனுமதிப்பத்திரம் கேட்கலாம் என்று எவருக்கும் தோன்றவில்லை. அதனால் மேட்டின் நான்கு பக்கத்துக் காணிகளுக்கும் எழுத்து உண்டு, நடுவிலுள்ள மேட்டுக்கு இல்லை என்ற நிலை ஏற்பட்டது.

1899ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் மயானங்களையும் புதைநிலங்களையும் ஒழுங்குபடுத்துவதற்காக இயற்றப்பட்டது. ஊர்ப் பொது மயானங்கள் அதனால் பயனடைந்தன. எங்களுடையது போன்ற குடும்ப நிலங்கள் அதன் கீழ் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின் காப்பைத் தேடலாமெனில், 1940ஆம் ஆண்டின் அச்சட்டம் தொல்பொருள் என்று பொதுவாகக் கருதுவது 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டவற்றையே. 1885இல் கட்டிய சமாதி அந்த எல்லைக்கு எழுபது ஆண்டு பிந்தியது. காணிச் சட்டத்துக்குச் சான்று காட்ட முடியாத அளவுக்குப் பழையதாகவும், தொல்பொருட் சட்டத்தின் பாதுகாப்பைத் தாமாகவே பெற முடியாத அளவுக்குப் புதியதாகவும் இந்நிலங்கள் இருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் உருவான ஊர்கள் அனைத்தினதும் முதல் தலைமுறை இந்த இடைவெளியில்தான் அடக்கமாகியிருக்கிறது.

இதன் விளைவை அண்மையில் நேரிற் கண்டோம். உள்வீதி ஒன்றைத் திருத்துவதற்குக் கிரவல் அள்ள வந்த பெக்கோ இயந்திரம் மேட்டின் வடக்கு விளிம்பை வாரியது. இயந்திரத்தை ஓட்டிய இளைஞர் வேற்றூரவர். அந்த இடம் என்னவென்று அவருக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை. வாரிய மண்ணோடு வரிசையாகப் பதித்த கற்களும், கறுப்புக் கண்ணாடி வளையல் துண்டுகளும் வருவதைக் கண்டதும், தாமாகவே இயந்திரத்தை நிறுத்திவிட்டு, வயலில் வேலை செய்துகொண்டிருந்தவர்களைத் தேடிச் சென்று கேட்டிருக்கிறார். அந்த வளையலில் பாதி உடையாமல் இருந்தது. பெரியவர் ஒருவரின் பெருவிரல்கூட நுழையாத அளவு. கண்ணூறு படாதிருக்கக் கைக்குழந்தைக்கு இடும் காப்பு அது. வேலைக்குப் பொறுப்பானவர்கள் காட்டிய வரைபடத்தில் அந்த இடம் பற்றைக்காடு என்றே குறிக்கப்பட்டிருந்தது. அவர்களை நான் குறைகூற மாட்டேன். வரைபடத்தில் இல்லாததை அவர்கள் எங்ஙனம் அறிவர்? அள்ளிய மண்ணைத் திருப்பிக் கொண்டுவந்து கொட்டச் சம்மதித்தார்கள். ஆனால் எந்தக் கல் எந்தத் திட்டுக்குரியது என்பது இனி எவராலும் சொல்ல முடியாதது.

அன்று வயலில் இருந்து ஓடி வந்தவர்களுள் முதல்வர், மேட்டின் தென்புறத்து வயற்காரரான முஸ்லிம் பெரியவர் ஒருவரின் மகன். 1980களின் நடுப்பகுதியிலும் மீண்டும் 1990இலும் எங்கள் குடும்பங்கள் ஊரைவிட்டு ஓட நேர்ந்து, ஆண்டுக்கணக்காக எவரும் அப்பக்கம் போக முடியாதிருந்த காலத்தில், அந்தப் பெரியவர் தம் வரம்பை ஓரடிகூட மேட்டுப் பக்கம் நகர்த்தவில்லை. 1986 ஏப்ரல் 20ஆம் திகதி கந்தளாய்க் குளத்து அணை உடைத்துப் பாய்ந்த வெள்ளத்தின் பின், எல்லை தெரியாமல் வண்டல் மூடியபோதும், பழைய வரம்பைத் தோண்டிக் கண்டுபிடித்து அதன் மேலேயே மீண்டும் கட்டியவர் அவர். "மௌத்தானவங்கட காணியில விளைஞ்ச நெல்லு நமக்கு வேணாம்" என்று அவர் தம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறார். எங்கள் மேடு இன்று எஞ்சியிருப்பதற்கு அவருடைய நேர்மையே காரணம். இந்த மாவட்டத்தில் அடக்கநிலங்களைக் காப்பது பற்றிப் பேசும் எவரும், அதை ஓரினத்தின் காரியமாக மட்டும் பேசினால் அது பொய்யாகிவிடும் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர், கொட்டியாரக் குடாவின் கரையோர வேடர் ஆகிய எல்லோருடைய முதற்குடிகளும் இப்படித்தான் எழுத்தின்றிக் கிடக்கின்றனர்.

மாவட்டத்தின் பிற பகுதிகளில் நிலைமை எங்களுடையதைவிட மோசம். தென்னமரவடி மக்கள் 1984இல் இடம்பெயர்ந்து கால் நூற்றாண்டு கழிந்த பின்பே திரும்பத் தொடங்கினர். 2006இல் வெளியேறிய சம்பூர் மக்களுக்கு 2015, 2016ஆம் ஆண்டுகளில்தான் தங்கள் மண்ணை மிதிக்க முடிந்தது. வீட்டு அத்திவாரத்தையும் கிணற்றையும் வைத்து வளவைக் கண்டுபிடிக்கலாம். மண்திட்டையும் நாலு கல்லையும் மட்டுமே அடையாளமாகக் கொண்ட அடக்கநிலத்தை, பத்து மாரி பெய்து காடு மூடிய பின், அதை முன்பே அறிந்த முதியவர் ஒருவர் கூட வந்தாலன்றிக் கண்டுபிடிக்க முடியாது. அந்த முதியவர்களுட் பலர் அகதி முகாம்களிலேயே காலமாகிவிட்டனர்.

செய்ய வேண்டியது பெருஞ்செலவான காரியமன்று. அநேகமாக ஒவ்வொரு கிராமத்திலும் மரணாதாரச் சங்கம் ஒன்று இருக்கிறது; பந்தலுக்கும் பறைக்கும் பெட்டிக்கும் ஒழுங்கு செய்யும் அச்சங்கத்தவர்களுக்கு எந்தக் குடும்பம் யாரை எங்கே அடக்கியது என்பது மற்றெவரையும்விட நன்றாகத் தெரியும். அவர்கள் தங்கள் கிராமத்திலுள்ள முதியவர்களை அழைத்துச் சென்று, ஒவ்வொரு குடும்ப அடக்கநிலத்தையும் பார்த்து, அதன் நான்கெல்லை, அங்குள்ள மரங்கள், கற்கள், சமாதிகள், அடக்கம் செய்யப்பட்டோராக நினைவிலுள்ளவர்களின் பெயர், உறவுமுறை, திதி ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுத வேண்டும். கைத்தொலைபேசியிலேயே இடத்தைத் துல்லியமாகக் குறித்துக்கொள்ளும் வசதி இன்று இளைஞர் எல்லோரிடமும் உள்ளது. பெண்களைத் தவறாமல் கேட்க வேண்டும். சுடலைக்குப் பெண்கள் போவதில்லை என்பதால் அவர்களுக்குத் தெரியாது என்று பலர் எண்ணுகின்றனர். வயலோர மேடுகளைப் பொறுத்தவரை இது உண்மையன்று. நாற்று நடவும் களை பிடுங்கவும் அம்மேடுகளின் ஓரத்திலேயே நாள்முழுதும் நின்றவர்கள் பெண்களே. குழந்தைகளின் திட்டுகளை அவர்களைத் தவிர வேறெவரும் சரியாகக் காட்டியதை நான் காணவில்லை.

அவ்வாறு எழுதப்பட்டதைக் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலோடு பிரதேச சபைக்கும் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுக்கும் கையளித்தால், அரச காணியாக உள்ள இடங்களை அடக்கநிலத்துக்கான ஒதுக்குக் காணியாகக் குறித்து, நில அளவையின்போது வரைபடத்தில் சேர்த்துக்கொள்ளுமாறு கோரலாம். இதைக் காணி உரிமைக்கான வழக்காக எவரும் ஆக்கிவிடக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அந்நிலத்துக்குத் தனியாள் எவருடைய பெயரிலும் உறுதிப்பத்திரம் தேவையில்லை. அதைத் தோண்டாமலும் பிரித்துக் கொடாமலும் இருந்தால் போதும். அதேபோல, வெளிநாட்டிலுள்ள உறவினரிடம் பணம் பெற்று, பழைய திட்டுகளை மட்டமாக்கி, மாபிள் பதித்த மண்டபமும் வளைவும் கட்டும் போக்கும் ஆங்காங்கே காணப்படுகிறது. நல்லெண்ணத்தோடு செய்தாலும், பெக்கோ செய்யும் அழிவையே அதுவும் செய்கிறது. கற்களை இருந்த இடத்திலேயே விட்டு, சுற்றிவர எல்லைக்கல் நாட்டி, பற்றையை ஆண்டுக்கொரு முறை வெட்டுவதே தகுந்த பராமரிப்பு.

எங்கள் மேட்டைப் பொறுத்தவரை, குடும்பத்தவரும் அயல் வயற்காரரும் ஒப்பமிட்ட விண்ணப்பத்தை உரியவர்களிடம் சமர்ப்பித்துள்ளோம். ஐப்பசியில் மாரி தொடங்கிவிட்டால், வாரப்பட்ட வடக்கு விளிம்பு அரித்துக்கொண்டு போகும்; அதற்குமுன் அங்கே மண் அணைத்து எல்லைக்கல் நாட்ட அனுமதி கிடைக்க வேண்டும் என்பதே எங்கள் உடனடிக் கோரிக்கை. மாவட்டத்தின் ஏனைய கிராமங்களில் இத்தகைய அடக்கநிலங்களை அறிந்தவர்கள் அவற்றின் விவரத்தைத் தங்கள் பத்திரிகைக்கு எழுதி அனுப்பினால், வாரம் ஒன்றாகவேனும் வெளியிட்டு உதவுமாறு தங்களைப் பணிவுடன் வேண்டுகிறேன். மேலும், இனிமேல் கல்வெட்டுப் புத்தகம் அச்சிடும் குடும்பத்தினர், திதியோடும் குலமரபோடும் சேர்த்து, அடக்கமோ தகனமோ நடந்த இடத்தையும், அக்குடும்பத்தின் பழைய அடக்கநிலம் எந்தக் கிராமத்தில் எந்த வாய்க்காலுக்கு எந்தப் பக்கத்தில் உள்ளது என்பதையும் இரண்டு வரியில் சேர்த்து அச்சிட்டால் மிகப் பயனாக இருக்கும். அச்சகத்தார் இதைத் தங்களிடம் வருவோருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர்,
திருகோணமலை.